பிளாட்டினம் இல்லாமல் ஹைட்ரஜன்: நிக்கல் வினையூக்கி செய்யவும் சரியாக அளக்கவும் ஒரு வழிகாட்டி

25 டிகிரி செல்சியஸில் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, செல்லில் விழும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட் மின்சாரம் செலவாகும். 2 வோல்ட் என்றால் 53 யூனிட், 1.8 வோல்ட் என்றால் 48 யூனிட். இடையிலுள்ள அந்த 5 யூனிட்டை மிச்சப்படுத்துவதுதான் வினையூக்கியின் வேலை.

அமிலத் தன்மையுள்ள சவ்வைக் கொண்ட எலக்ட்ரோலைசரில் (மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் கருவி) ஆக்சிஜன் பக்கம் இரிடியமும் ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினமும் வேண்டும். உலகம் முழுக்க ஓராண்டில் எடுக்கப்படும் இரிடியம் ஏழெட்டு டன்தான். அதை நம்பி எரிபொருள் தொழிலை விரிவாக்க முடியாது. காரக் கரைசலில் நிலைமை வேறு. அங்கே நிக்கலின் மேற்பரப்பில் ஹைட்ராக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. அதனால் நிக்கல், இரும்பு, மாலிப்டினம் போன்ற உலோகங்களை வைத்தே நல்ல மின்முனை செய்யலாம். இந்தக் கட்டுரை காரக் கரைசலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் பக்கத்துக்கு நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் பக்கத்துக்கு நிக்கல்-மாலிப்டினம் பூச்சு. முதுகலை புராஜெக்ட் செய்பவர்களையும் ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பூச்சுகளைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். கிடைத்த எண்ணை நம்பலாமா என்று உறுதிசெய்யத்தான் வாரக்கணக்கில் ஆகும். பலர் புதுப் புதுப் பூச்சுகளைச் செய்துகொண்டே போகிறார்கள், அளவீட்டைச் சரிபார்ப்பதில்லை. இங்கே வரிசையைத் திருப்பி வைத்திருக்கிறோம். முதலில் எதுவும் பூசாத நிக்கல் ஃபோமை (பஞ்சு போலத் துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) அளந்து, மூன்று துண்டுகளில் ஒரே எண் வரும்வரை அதிலேயே நில்லுங்கள். அது வராமல் பூச்சுக்குப் போவதில் பயனில்லை.

வாங்க வேண்டியவை

நிக்கல் ஃபோம் (1.6 மி.மீ. தடிமன், அங்குலத்துக்கு 110 துளை வகை எளிதாகக் கிடைக்கும்), பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள், நிக்கல் நைட்ரேட், ஃபெரிக் நைட்ரேட், நிக்கல் சல்ஃபேட், சோடியம் மாலிப்டேட், சோடியம் சிட்ரேட், அம்மோனியா கரைசல், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய நீர். கருவிகளில் மின்தடையை அளக்கும் வசதியுள்ள பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி), சோனிக்கேட்டர் (மீயொலி அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டி), நான்கு தசம இடம் காட்டும் தராசு, பிஎச் மீட்டர்.

ஒப்பீட்டு மின்முனை (மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) இரண்டு வேண்டும். பூச்சு போடும் நைட்ரேட் கரைசலுக்கு வெள்ளி-வெள்ளி குளோரைடு, காரத்தில் அளக்க மெர்க்குரி-மெர்க்குரி ஆக்சைடு. ஒன்றை வைத்தே இரண்டு வேலையையும் முடிக்கப் பார்க்காதீர்கள். வெள்ளி குளோரைடு மின்முனையைக் காரத்தில் வைத்தால் உள்ளிருக்கும் குளோரைடு கசியும், ஹைட்ராக்சைடு உள்ளே போய் வெள்ளி ஆக்சைடாக மாற்றும், முனையிலுள்ள கண்ணாடி அடைப்பையும் காரம் அரிக்கும். மின்னழுத்தம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். எண் அழகாகத்தான் வரும், ஆனால் தவறாக வரும்.

எதிர் மின்முனையாக (மின்சுற்றை முடிக்க எதிரே வைக்கும் துணை மின்முனை) பிளாட்டினத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஹைட்ரஜன் வினையை அளக்கும்போது எதிர் மின்முனை ஆனோடாகிறது, அதாவது ஆக்சிஜன் வரும் முனை. அங்கே பிளாட்டினம் நுண்ணளவில் கரைந்து, ஹைட்ரஜன் வரும் முனையான உங்கள் கேத்தோடில் வந்து படியும். சில மணி நேரத்தில் உங்கள் ‘மலிவு’ வினையூக்கி வேகமெடுக்கும். அந்த வேகம் பிளாட்டினத்துடையது. கிராஃபைட் தண்டும் ஆனோடாக நீண்ட நேரம் ஓடினால் அரித்துக் கரைசலைப் பழுப்பாக்கும். ஹைட்ரஜன் பக்க அளவீட்டுக்கு, சவ்வால் பிரித்த தனி அறையில் நிக்கல் வலை வைப்பதுதான் எங்கள் பரிந்துரை. ஆக்சிஜன் பக்க அளவீட்டுக்கு நிக்கலோ கிராஃபைட்டோ எதுவானாலும் சரி.

மின்பகுளி: 1 மோலார் காரம்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் பெரும்பாலும் 85 சதவீதம்தான் தூய்மை, மீதி பெருமளவு ஈரம். எனவே ஒரு லிட்டருக்கு 56.1 கிராம் எடுத்தால் 1 மோலார் வராது. 66 கிராம் எடுக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் பீக்கரில் 700 மி.லி. நீரை வைத்துக்கொண்டு, வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். நன்றாகச் சூடாகும். ஆறிய பிறகு ஒரு லிட்டராக்கி, பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகும். கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம். காரம் கண்ணாடியைக் கரைத்து சிலிக்கேட்டையும் இரும்பையும் கரைசலுக்குள் கொண்டுவரும்.

இந்த இரும்பு ஒரு முக்கியமான விஷயம். வாங்கும் காரத்திலேயே நுண்ணளவு இரும்பு இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதைக் கரைசலிலிருந்து இழுத்துத் தன் படலத்துக்குள் சேர்த்துக்கொள்ளும். இரும்பு சேர்ந்த நிக்கல் ஹைட்ராக்சைடு, தூய நிக்கல் ஹைட்ராக்சைடைவிட ஆக்சிஜன் வினையில் பல மடங்கு வேகமானது. 1987-ல் டென்னிஸ் காரிகன் இதைத் தெளிவாகக் காட்டினார். 2014-ல் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஷானன் பாட்சர் குழு இன்னும் துல்லியமாக நிறுவியது: இரும்பை முற்றிலும் நீக்கினால் நிக்கல் ஹைட்ராக்சைடு மிக மோசமான வினையூக்கி. நீங்கள் நிக்கலோடு வேறொரு உலோகத்தைச் சேர்த்து ‘வேகம் கூடியது’ என்று எழுதப் போகிறீர்கள் என்றால், கூடியது அந்த உலோகத்தாலா, காரத்திலிருந்த இரும்பாலா என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

பதில் சொல்ல, இரும்பு நீக்கிய காரம் வேண்டும். அமிலத்தில் கழுவிய 50 மி.லி. பாலிபுரொப்பிலீன் குழாயில், மிகத் தூய்மையான (99.999 சதவீதம்) நிக்கல் நைட்ரேட் 2 கிராமை 4 மி.லி. நீரில் கரையுங்கள். 20 மி.லி. 1 மோலார் காரம் ஊற்றிக் குலுக்கினால் பச்சை நிற ஹைட்ராக்சைடு வீழ்படியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரைக் கொட்டுங்கள். 20 மி.லி. நீர், 2 மி.லி. காரம் கலந்து மூன்று முறை கழுவுங்கள். பிறகு, தூய்மையாக்க வேண்டிய காரம் 50 மி.லி. ஊற்றி, 10 நிமிடமாவது குலுக்கி, குறைந்தது 3 மணி நேரம் விட்டு, மீண்டும் சுற்றித் தெளிந்ததை எடுங்கள். அதன் பிறகு அந்தக் கரைசல் கண்ணாடியைத் தொடவே கூடாது. இரும்பு வேண்டுமென்றே சேர்த்த பூச்சை மட்டும் அளக்கிறீர்கள் என்றால் இந்த வேலை தேவையில்லை. சாதாரண உயர்தரக் காரமே போதும்.

ஃபோமைச் சுத்தம் செய்தல்

1 செ.மீ. அகலம், 3 செ.மீ. நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோம் பஞ்சு போல அமுங்கும். கூர்மையான கத்தரி வேண்டும். இல்லையென்றால் ஓரம் நசுங்கித் துளைகள் மூடிக்கொள்ளும். அசிட்டோனில் 15 நிமிடம் சோனிக்கேட்டரில் வையுங்கள், எண்ணெய் போகும். அடுத்து 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம், மேலுள்ள ஆக்சைடு போகும். கரைசல் இலேசான பச்சையாவது சரியான அறிகுறி. அரை மணி நேரம் விட்டால் இழைகள் மெலிந்து, கிளிப் மாட்டும்போதே உடையும். பிறகு அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, கடைசியாக எத்தனாலில் ஒருமுறை. துளைகளுக்குள் அமிலம் தங்கினால் பூச்சு போடும் கரைசலின் பிஎச்சைக் கெடுக்கும். அலசிய நீரின் பிஎச்சைத் தாளால் ஒருமுறை பார்ப்பது நல்லது. சுத்தம் செய்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

அடுத்து பரப்பளவு. கீழ் முனையில் 1 செ.மீ.க்கு 1 செ.மீ. மட்டும் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு பட்டையாக எபாக்ஸி பூசித் துளைகள் அடையும்படி ஊறவிட்டுக் காயவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் காரம் துளைகள் வழியே மேலேறி, கிளிப் வரை நனைத்துவிடும். 1 சதுர செ.மீ. என்று நினைத்து 2 சதுர செ.மீ. மின்னோட்டத்தை எழுதிக்கொண்டிருப்பீர்கள். கிளிப் நனைந்தால் அதன் செம்பும் கரைந்து கரைசலுக்குள் வரும்.

வெறும் ஃபோமை அளத்தல்

முதலில் ஒப்பீட்டு மின்முனையைச் சரிபார்க்க வேண்டும். ஹைட்ரஜன் வாயுவால் நிறைந்த 1 மோலார் காரத்தில் சுத்தமான பிளாட்டினக் கம்பியை வைத்து, மின்னழுத்தத்தை நொடிக்கு 1 மி.வோல்ட் வேகத்தில் ஓட்டி, மின்னோட்டம் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். (பிளாட்டினம் இந்த ஒரு வேலைக்கு மட்டும். அதற்கென்று தனிப் பாத்திரம் வையுங்கள்.) மெர்க்குரி ஆக்சைடு மின்முனைக்குள்ளும் அதே காரம் இருந்தால், அந்த இடம் மைனஸ் 0.926 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். 5 மி.வோல்ட்டுக்கு மேல் விலகினால் உள்கரைசலை மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும்? நல்ல நிக்கல்-இரும்பு பூச்சின் டாஃபல் சரிவு சுமார் 40 மி.வோல்ட். அதாவது மின்னழுத்தம் 40 மி.வோல்ட் கூடினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். ஒப்பீட்டு மின்முனையில் 30 மி.வோல்ட் பிழை இருந்தால், உங்கள் வினையூக்கி உண்மையைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகத் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் போட்டி போடும் வித்தியாசங்கள் பலவும் இந்த 30 மி.வோல்ட்டுக்குள்தான் இருக்கின்றன.

அடுத்து கரைசலின் மின்தடை. இம்பீடன்ஸ் அளவீட்டில் (மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே எடுக்கும் மின்தடை அளவீடு) உயர் அதிர்வெண் பக்கம் வளைவு கிடை அச்சைத் தொடும் புள்ளிதான் அது. 1 மோலார் காரத்தில் பொதுவாக 1 முதல் 2 ஓம் வரை வரும். 1.2 ஓம் என்றால், 100 மி.ஆம்பியரில் 120 மி.வோல்ட் கரைசலிலேயே விழுகிறது. அதைக் கழித்துத்தான் எழுத வேண்டும். கருவியிலேயே ஓட்டத்தின்போது நூறு சதவீதம் ஈடுசெய்யச் சொன்னால் மின்னோட்டம் ஊசலாடத் தொடங்கும். 85 சதவீதம் கருவியில் வைத்து மீதியைக் கணக்கில் கழிக்கலாம். அதைவிட, எதையும் ஈடுசெய்யாமல் அளந்து முழுவதையும் பிறகு கழிப்பது பாதுகாப்பானது. கழிக்காத வரைபடத்தையும் கூடவே வெளியிடுங்கள். கழித்த பிறகு வரைபடம் பின்பக்கமாக மடங்கினால், மின்தடையை அதிகமாக எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இனி ஃபோமை மாட்டி, நொடிக்கு 50 மி.வோல்ட் வேகத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுழல் ஓட்டங்களை விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை ஓட வேண்டும். 20 முதல் 50 சுற்று பிடிக்கும்.

ஆக்சிஜன் பக்கத்தில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. மீள் ஹைட்ரஜன் மின்முனையை (மேலே பிளாட்டினக் கம்பியில் குறித்த இடத்தைப் பூச்சியமாகக் கொண்ட அளவுகோல்) ஒப்பிட்டு 1.35 முதல் 1.45 வோல்ட் வரை நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒரு மேடு காட்டும். ஃபோமின் உள்பரப்பு பெரியது என்பதால் அந்த மேட்டிலேயே மின்னோட்டம் 10 மி.ஆம்பியரைத் தாண்டிவிடலாம். முன்னோக்கிய ஓட்டத்தில் ‘10 மி.ஆம்பியருக்கு இவ்வளவு மின்னழுத்தம்’ என்று படித்தால், அது ஆக்சிஜன் வருவதைக் காட்டும் எண்ணே அல்ல. எனவே மின்னோட்டத்தை நிலையாக வைத்து அளங்கள்: 10, 50, 100 மி.ஆம்பியரில் ஒவ்வொன்றிலும் 10 நிமிடம், கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. எந்த ஓட்டத்தின் எந்தத் திசை என்ற சண்டையே இதில் வராது.

வெறும் ஃபோமுக்கு, தூய்மையாக்காத காரத்தில், 10 மி.ஆம்பியருக்கு ஆக்சிஜன் பக்கம் 300 முதல் 360 மி.வோல்ட், ஹைட்ரஜன் பக்கம் 200 முதல் 250 மி.வோல்ட் மிகை மின்னழுத்தம் (கோட்பாட்டு அளவுக்கு மேல் கொடுக்க வேண்டியது) எதிர்பார்க்கலாம். மணிக்கணக்கில் ஓட்டும்போது ஆக்சிஜன் பக்க எண் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் மகிழ வேண்டாம். காரத்திலுள்ள இரும்பு உள்ளே ஏறுகிறது. மூன்று ஃபோம் துண்டுகளில் எண்கள் 10 மி.வோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் அடுத்த படிக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் முதலில் எபாக்ஸி எல்லையைப் பாருங்கள், பிறகு கிளிப் தொடர்பை, பிறகு குமிழிகளை. வரைபடம் படிக்கட்டாக ஏறி இறங்கினால் குமிழிகள் துளைகளில் சிக்கி நிற்கின்றன. கலக்கியை வேகப்படுத்தி, ஃபோமைச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

ஆக்சிஜன் பக்கம்: நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு

பலரும் யூரியா சேர்த்து ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலம்) 120 டிகிரியில் பல மணி நேரம் வைப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். புதியவர்களுக்கு மின்படிவுதான் (மின்னோட்டத்தால் படியவைப்பது) நல்லது. ஐந்து நிமிட வேலை, கண்ணெதிரே நடக்கும், தவறினால் உடனே தெரியும்.

100 மி.லி. நீரில் நிக்கல் நைட்ரேட் (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 0.0872 கிராம், ஃபெரிக் நைட்ரேட் (ஒன்பது நீர் கொண்டது) 0.1212 கிராம் கரையுங்கள். ஒவ்வொன்றும் 3 மில்லிமோலார். இளமஞ்சளாகத் தெளிவாக இருக்க வேண்டும். ஃபெரிக் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும், பாட்டிலுக்குள்ளேயே நீர்விட்டிருந்தால் எடை பொய்யாகும். கரைசலையும் அன்றன்றைக்குத் தயாரியுங்கள். வைத்துவிட்டால் இரும்பு நீராற்பகுப்படைந்து பழுப்புக் கலங்கலாகும், அந்தத் துகள்கள் ஃபோமில் ஒட்டி, ஆனால் மின்தொடர்பின்றி நிற்கும்.

சுத்தம் செய்த ஃபோம், கிராஃபைட் எதிர் மின்முனை, வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை. மைனஸ் 1.0 வோல்ட்டில் 300 நொடி. இங்கே நடப்பது உலோகப் படிவு அல்ல. நைட்ரேட் அயனி கேத்தோடில் அம்மோனியமாக ஒடுங்கும்போது ஹைட்ராக்சைடு அயனிகள் உருவாகின்றன. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் பிஎச் ஏறி, நிக்கலும் இரும்பும் ஹைட்ராக்சைடாக அங்கேயே வீழ்படிகின்றன. அதனால்தான் கலக்கியை நிறுத்திவைக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் அந்தக் கார அடுக்கு கலைந்து, பூச்சு திட்டுத் திட்டாக வரும். 300 நொடியை 1,500 ஆக்கினால் ஐந்து மடங்கு நல்லதாகாது. தடித்த படலம் காய்ந்ததும் வெடித்து, வாயு வரத் தொடங்கியதும் உதிரும். கரைசலின் அடியில் பழுப்புத் தூள் சேர்வதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முடிந்ததும் நீரில் மெல்ல அலசி, அறை வெப்பத்தில் காயவிடுங்கள். சூடான உலர்த்தும் அடுப்பில் வைக்க வேண்டாம். காரத்தில் இதை ஆனோடாக ஓட்டும்போது நிறம் கருக்கும், நிக்கல் மேல்நிலை ஆக்சிஜனேற்றத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். 10 மி.ஆம்பியருக்கு 200 முதல் 250 மி.வோல்ட் வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். நிக்கல் ஆக்சிஜனேற்ற மேடு, வெறும் ஃபோமில் இருந்ததைவிட உயர் மின்னழுத்தத்துக்கு நகர்ந்திருப்பதும் இரும்பு உள்ளே கலந்ததற்கு அடையாளம். மேடு நகரவே இல்லையென்றால் இரும்பு தனியாக ஒதுங்கிப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கரைசலில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் படலத்திலும் அதே விகிதம் என்று எழுதிவிடாதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸ்-கதிர் வழி தனிமம் பார்த்தால், அடியிலுள்ள ஃபோமின் நிக்கலும் சேர்ந்தே வரும். அதே நிபந்தனையில் ஒரு கிராஃபைட் தாளில் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, ஐசிபி கருவியில் (கரைசலிலுள்ள தனிமங்களின் அளவைக் காட்டுவது) அளப்பதுதான் சரி. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டிக்கும் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) இதே வழி. ஃபோமோடு வைத்தால் 44.5, 51.8, 76.4 டிகிரியில் நிக்கல் உலோகத்தின் கூர்முனைகள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அடுக்கு ஹைட்ராக்சைடுக்கே உரிய 11.5 டிகிரி முனை கண்ணிலேயே படாது.

சல்ஃபைடு, ஃபாஸ்ஃபைடு, செலினைடு என்று பெயர் சூட்டப்பட்ட ஆக்சிஜன் வினையூக்கிகளும் நிறைய உண்டு. காரத்தில் ஆனோடாக ஓடும்போது அவற்றின் மேற்பரப்பு ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிவிடுகிறது. உண்மையில் வேலை செய்வது அதுதான். ஓட்டுவதற்கு முன் எடுத்த படங்களை மட்டும் வைத்துச் செயல்முறையை விளக்குவது ஏற்கத்தக்கதல்ல. ஓட்டிய பிறகும் அளக்க வேண்டும்.

ஹைட்ரஜன் பக்கம்: நிக்கல்-மாலிப்டினம்

காரத்தில் ஹைட்ரஜன் வினை, அமிலத்தில் நடப்பதைவிட மந்தமானது. புரோட்டான் தயாராகக் கிடைக்காது, நீர் மூலக்கூற்றை உடைத்து எடுக்க வேண்டும். நிக்கலோடு மாலிப்டினம் சேரும்போது இந்த வேலை எளிதாகிறது. இந்தத் துறையில் நம் காரைக்குடிக்கு ஒரு பங்கு உண்டு. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அருள் ராஜ், வாசு ஆகியோர் நிக்கல் கலவைப் பூச்சுகளைக் கார ஹைட்ரஜன் மின்முனைகளாக ஒப்பிட்டு 1990-ல் வெளியிட்ட ஆய்வு, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

மாலிப்டேட்டை மட்டும் நீரில் கரைத்து மின்படிவு செய்தால் மாலிப்டினம் உலோகம் கிடைக்காது. நிக்கல், இரும்பு, கோபால்ட் போன்றவை கூடவே படியும்போதுதான் அதுவும் இழுபட்டு வரும். 100 மி.லி. கரைசலுக்கு சோடியம் சிட்ரேட் 8.8 கிராமை முதலில் கரையுங்கள், அடுத்து நிக்கல் சல்ஃபேட் 7.9 கிராம், கடைசியாக சோடியம் மாலிப்டேட் 4.8 கிராம். சிட்ரேட் நிக்கலைப் பிணைத்துக்கொண்ட பிறகே மாலிப்டேட் உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் வீழ்படிவுக்கு இடம் கொடுப்பீர்கள். ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் அடைப்பு) அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 10.5-க்குக் கொண்டுவாருங்கள். அம்மோனியா ஆவியாகும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்பாக பிஎச்சைத் திரும்பப் பாருங்கள், இல்லாவிட்டால் முதல் துண்டும் ஐந்தாவது துண்டும் வேறு வேறு பொருளாகிவிடும்.

சதுர செ.மீ.க்கு 160 மி.ஆம்பியர், 10 நிமிடம். இதற்கு சாதாரண டிசி பவர் சப்ளை போதும். நிக்கல் தகட்டை எதிர் மின்முனையாக வையுங்கள். மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவே போகும், நுரைக்கும், பயப்பட வேண்டியதில்லை. பூச்சு சாம்பல் கறுப்பாக வரும். நகத்தால் தொட்டால் தூளாக வந்தால் மின்னோட்டம் அதிகம் அல்லது ஃபோம் சரியாகச் சுத்தமாகவில்லை. தடித்தால் உள்ளிறுக்கத்தால் வெடிப்புகள் விழும். மெல்லிய வெடிப்புகள் பரப்பைக் கூட்டும், செதில் செதிலாகக் கிளம்புவதுதான் கெடுதல். 10 மி.ஆம்பியருக்கு 30 முதல் 80 மி.வோல்ட் வரை நல்ல எண்.

இந்தப் பூச்சின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்னோட்டம் இல்லாமல் காரத்தில் ஊறினால் மாலிப்டினம் மாலிப்டேட்டாகக் கரைந்து வெளியேறும். எனவே அளவீட்டுக்கு இடையில் சாப்பிடப் போகும்போது மின்முனையைக் கரைசலில் விட்டுவிடாதீர்கள். வெளியே எடுத்து அலசிக் காயவையுங்கள், அல்லது சிறு கேத்தோடு மின்னோட்டத்தில் பிடித்து வையுங்கள்.

வாயு உண்மையில் வருகிறதா

ஓடும் மின்னோட்டம் முழுவதும் ஹைட்ரஜனாகிறது என்று எண்ணிக்கொண்டால் போதாது, அளக்க வேண்டும். இரண்டு அறைகளையும் சவ்வால் பிரித்து, கேத்தோடு பக்க வாயுவைத் தலைகீழாகக் கவிழ்த்த நீர் நிறைந்த பியூரெட்டில் பிடியுங்கள். 100 மி.ஆம்பியரில் 10 நிமிடம் என்றால் 60 கூலும்ப். அதற்கு 0.311 மில்லிமோல் ஹைட்ரஜன். 25 டிகிரியில் உலர்ந்த வாயு 7.6 மி.லி. பியூரெட்டில் நீராவியும் சேர்ந்திருப்பதால் சுமார் 7.85 மி.லி. காட்டும். ஆய்வகம் 30 டிகிரி என்றால் 8.1 மி.லி. நீராவியைக் கழிக்க மறந்தவர்கள்தான் 103 சதவீதத் திறன் என்று எழுதுகிறார்கள். முதல் சில நிமிட வாயுவைப் பிடிக்காதீர்கள், கரைசல் ஹைட்ரஜனால் நிறைந்து, துளைகளிலுள்ள குமிழிகள் சீராக வெளியேறும்வரை அளவு குறைவாகவே காட்டும்.

சவ்வு இல்லாத செல்லை மூடி வைக்கவே கூடாது. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் இருந்தாலும் தீப்பற்றும். ஆக்சிஜனோடு சரிவிகிதத்தில் கலந்து அடைபட்டிருந்தால் ஒரு சிறு பொறி போதும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், காரம் கண்ணில் பட்டால் பார்வையையே எடுத்துவிடும். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை, நைட்ரைல் கையுறையோடுதான் தொட வேண்டும். மிஞ்சிய நிக்கல் கரைசல்களைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலத்தில் சேர்த்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அம்மோனியா கலந்ததை அமிலக் கழிவோடு சேர்க்காதீர்கள்.

முழு செல்லும் நீண்ட ஓட்டமும்

நிக்கல்-இரும்பை ஆனோடாகவும் நிக்கல்-மாலிப்டினத்தைக் கேத்தோடாகவும் இணைத்தால், 10 மி.ஆம்பியருக்கு 1.5 முதல் 1.55 வோல்ட் வர வேண்டும். 1.23-க்குக் கீழே தொடர்ந்து ஓடுகிறது என்றால் நடப்பது நீர்ப்பகுப்பு அல்ல. வேறு ஏதோ ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அல்லது வயரை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

10 மி.ஆம்பியர் என்ற எண் சூரிய ஒளியால் நேரடியாக நீரைப் பிரிக்கும் கருவிகளுக்காக வழக்கத்துக்கு வந்தது. சுமார் 12 சதவீதத் திறனுள்ள அத்தகைய கருவியில் அவ்வளவு மின்னோட்டம்தான் ஓடும். தொழிற்சாலை எலக்ட்ரோலைசர் சதுர செ.மீ.க்கு 200 முதல் 500 மி.ஆம்பியரிலும் அதற்கு மேலும் ஓடுகிறது. 10 மி.ஆம்பியரில் சிறப்பாக இருந்த பூச்சு, 500-ல் குமிழிகளின் இழுப்பு தாங்காமல் உதிர்வதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எனவே நீண்ட ஓட்டத்தை 100 மி.ஆம்பியருக்குக் குறையாமல் வையுங்கள். முதலில் 24 மணி நேரம், தாங்கினால் 100 மணி நேரம். நீர் பிரிந்தும் ஆவியாகியும் மட்டம் இறங்கும், காரத்தின் செறிவு ஏறும், மின்முனையின் மேற்பகுதி வெளியே தெரியும். நாளுக்கு இரண்டு முறை அயனி நீக்கிய நீரால் குறியிட்ட மட்டத்துக்கு நிரப்புங்கள், காரத்தால் அல்ல. மின்னழுத்தம் ஏறியதற்குக் காரணம் பூச்சா, கரைசலா என்று பிரிக்க, ஓட்டத்தின் முன்னும் பின்னும் கரைசல் மின்தடையை அளந்து வையுங்கள். ஓட்டிய காரத்தில் 5 மி.லி. எடுத்து ஐசிபியில் இரும்பும் மாலிப்டினமும் பாருங்கள். எது கரைகிறது என்பது அதிலேயே தெரியும்.

நிறுத்தித் தொடங்குவதையும் சோதிக்க வேண்டும். சூரிய மின்சாரத்தில் ஓடும் எலக்ட்ரோலைசர் தினமும் மாலையில் நிற்கும். அப்போது ஆனோடில் சேர்ந்த ஆக்சிஜனேற்ற நிக்கலும் கேத்தோடும் ஒரு பேட்டரியாகி, மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும். கேத்தோடின் மின்னழுத்தம் ஏறி, மாலிப்டினம் கரையும். 2 மணி நேரம் ஓட்டம், 1 மணி நேரம் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து நிறுத்தம் என்று 20 சுற்று விட்டு, ஒவ்வொரு சுற்றின் தொடக்க மின்னழுத்தத்தையும் குறித்துக்கொண்டே வாருங்கள். தொடர் ஓட்டத்தில் அசையாத பூச்சு இந்தச் சோதனையில் விழுவது வழக்கம்.

இவை எல்லாவற்றிலும் தேறியதை 30 சதவீதக் காரத்தில் 80 டிகிரியில் திரும்ப அளங்கள். அது கிட்டத்தட்ட 7 மோலார். எபாக்ஸி அங்கே தாங்காது, டெஃப்ளான் பிடிப்பான் வேண்டும். மெர்க்குரி ஆக்சைடு மின்முனையை நேராக உள்ளே வைக்காமல், அறை வெப்பத்திலுள்ள பக்க அறையில் வைத்து லுகின் குழாயால் (கரைசல் நிறைந்த மெல்லிய இணைப்புக் குழாய்) இணைக்க வேண்டும். வெப்பத்தோடு 1.23 வோல்ட்டும் மாறி 80 டிகிரியில் சுமார் 1.18 ஆகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் மிகை மின்னழுத்தம் கணக்கிட்டால் 50 மி.வோல்ட் தானாகவே ‘மேம்பட்டதாக’ எழுதிவிடுவீர்கள்.